ஸ்மார்ட் கண்ணாடி: அணிபவரின் கேள்வியும் எதிரில் நிற்பவரின் கேள்வியும்

கேமரா, மைக், சிலவற்றில் திரை என எல்லாம் உள்ளடங்கிய ஸ்மார்ட் கண்ணாடிகளைப் பற்றி வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். வாங்க நினைப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். பிறர் அணிந்து வருவதைப் பார்த்துக் கலங்கியவர்களும் எழுதியிருக்கிறார்கள். பின்னவர்களின் கேள்விகளுக்குக் கூடுதல் இடம் தந்திருக்கிறோம்.

கேள்வி: ரே-பான் மெட்டா, எக்ஸ்ரியல், ஹோலோலென்ஸ் எல்லாவற்றையுமே ‘ஆக்மெண்டட் ரியாலிட்டி’ என்கிறார்கள். விலையோ முப்பதாயிரத்தில் தொடங்கி லட்சங்களில் போகிறது. உண்மையில் என்ன வித்தியாசம்?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: மேசைமேல் ஓர் உருவத்தைக் காட்டினால், நீங்கள் தலையைத் திருப்பிவிட்டு மறுபடி பார்க்கும்போதும் அது அதே மேசையில் அதே இடத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் ஆக்மெண்டட் ரியாலிட்டி. அதற்கு அறையை அளக்கும் கேமராக்கள் வேண்டும், தலையசைவைக் கணக்கிடும் சென்சார்கள் வேண்டும், ஊடே பார்க்கக்கூடிய திரையும் வேண்டும். மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2 இந்த வகை. எடை 566 கிராம், விலை 3,500 டாலராக இருந்தது. 2024 அக்டோபரில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. யாராவது பழையதை மலிவாகத் தருகிறேன் என்றால், இதை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

எக்ஸ்ரியல் ஏர் போன்றவை கேபிள் வழியாக போனிலோ லேப்டாப்பிலோ செருகிப் பார்க்கும் மானிட்டர்கள். படம் பார்க்கவும் பயணத்தில் வேலை செய்யவும் நன்றாக இருக்கும். ஏர் மாடலில் கேமராவே கிடையாது.

ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் ரே-பான் மெட்டா கண்ணாடியில் திரை இல்லை. 12 மெகாபிக்சல் கேமரா, ஐந்து மைக், காதருகே ஸ்பீக்கர், எடை சுமார் 50 கிராம். 2023இல் வெளிவந்தது, 2025 மே மாதம் இந்தியாவில் 29,900 ரூபாயில் விற்பனை தொடங்கியது. இலக்கணப்படி இது ஆக்மெண்டட் ரியாலிட்டி அல்ல. ஆனாலும் இன்று கிளம்பியிருக்கும் அறக் கேள்விகள் பெரும்பாலும் இந்தத் திரையில்லாத வகையைச் சுற்றித்தான், ஏனென்றால் பார்வைக்கு இது சாதாரணக் கண்ணாடியேதான். 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் 799 டாலருக்கு வந்த மெட்டா ரே-பான் டிஸ்ப்ளேயில் வலது லென்ஸில் மட்டும் 600க்கு 600 பிக்சல் திரை உண்டு. பார்வைப் பரப்பு 20 பாகை.

ஊடே பார்க்கும் திரைகளுக்கு ஒரு பொதுக் குறை இருக்கிறது. அவை வெளிச்சத்தைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. எனவே கறுப்பு நிறம் காட்ட வழியில்லை. கறுப்பாக வர வேண்டிய இடம் வெறும் கண்ணாடியாகத் தெரியும். உச்சி வெயிலில் ஒரு வெள்ளைச் சுவரின் ஒளிர்வு சுமார் 30,000 நிட் (ஒளிர்வை அளக்கும் அலகு) வரும். 5,000 நிட் திரைகூட அதற்குமுன் வெளிறிப்போகும். வெயிலில் கருக்கும் லென்ஸ் போடுவது இதனால்தான். விளம்பரப் படத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிவதை நம்பாமல், கடை வாசலுக்கு வந்து வெயிலில் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் தடித்த ஃபிரேம் கண்ணாடியோடு வந்தார். புடவை எடுத்துக்காட்டிக்கொண்டிருந்தபோது கண்ணாடி ஓரத்தில் ஏதோ மின்னியது. என்னைப் படம் எடுத்தாரா? எடுத்திருந்தால் நான் என்ன செய்ய முடியும்?
– வாசகி, ஈரோடு

பதில்: எடுத்திருக்கக்கூடும். ரே-பான் மெட்டாவின் முன்பக்கத்தில் ஒரு மூலையில் கேமரா, மறு மூலையில் சிறிய வெள்ளை விளக்கு. இரண்டும் ஒரே அளவு வட்டமாகத் தெரிவதால், புதிதாகப் பார்ப்பவருக்கு எது எதுவென்று புரியாது. படம் எடுத்தால் விளக்கு ஒருமுறை பளிச்சிடும். வீடியோ என்றால் பதிவு முடியும்வரை மின்னிக்கொண்டிருக்கும். பொத்தான் வலது காதில் மாட்டும் தண்டின் மேல்விளிம்பில் இருக்கிறது: தட்டினால் படம், அழுத்திப் பிடித்தால் வீடியோ. அதனால் கை வலது நெற்றிப்பொட்டுக்குப் போகிறதா என்று கவனியுங்கள். கையே படாமல் குரல் கட்டளையாலும் எடுக்கலாம். இன்ஸ்டாகிராமில் நேரலையாக ஒளிபரப்பவும் முடியும்.

அந்த விளக்கை எவ்வளவு நம்பலாம்? 2021இல் இதன் முந்தைய மாடல் வந்தபோதே, அயர்லாந்து, இத்தாலி நாடுகளின் தரவுப் பாதுகாப்பு அமைப்புகள் இவ்வளவு சிறிய விளக்கு போதுமா என்று கேட்டன. 2023 மாடலில் விளக்கைப் பெரிதாக்கினார்கள். அதை டேப் ஒட்டி மறைத்தால் கேமரா படம் எடுக்க மறுக்கும்படியும் செய்தார்கள். அப்படியிருந்தும், காசு வாங்கிக்கொண்டு விளக்கைச் செயலிழக்கச் செய்துதருபவர்கள் இருப்பதாக 2025இல் அமெரிக்காவில் செய்தி வந்தது. வெயிலில் சற்றுத் தள்ளி நின்றால் விளக்கு சரியாகத் தெரியாமல் போகலாம். ஆகவே, விளக்கு எரிந்தால் பதிவு நடக்கிறது என்று கொள்ளலாம். எரியாவிட்டால் நடக்கவில்லை என்று கொள்ள முடியாது.

விளக்கு சரியாக எரிந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. அது அறிவிப்பு மட்டுமே, சம்மதம் அல்ல. அதன் பொருள் தெரியாத ஒருவருக்கு அது அறிவிப்புகூட இல்லை. உங்களைப்போல் நின்ற இடத்தை விட்டு நகர முடியாமல், வாடிக்கையாளரிடம் முகம் சுளிக்கவும் முடியாமல் வேலை செய்பவர்களை இப்படிப் படமெடுப்பது தவறு என்றே சொல்வோம். கடைக்காரர், நடத்துநர், செவிலியர், வீட்டு வேலை செய்பவர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

இனி சட்டம். உடை மாற்றுமிடம் போன்ற இடங்களில் எடுத்தால் தண்டனை கடுமை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுத்தால் மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பெண்ணின் தனிமையான செயலை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவில் வருகிறது. முதல்முறையே ஓராண்டுக்குக் குறையாத சிறை. தொடர்ந்து பின்தொடர்ந்தால் 78ஆம் பிரிவு. ஆனால் கடை நடுவில் நீங்கள் புடவை விரித்துக்காட்டுவதை எடுத்தால் இவை எதுவும் நேராகப் பொருந்தாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகத் தரவைக் கையாண்டால் தனக்கு வேலையில்லை என்று ஒதுங்கிவிடுகிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள். அந்த உரிமை கடைத்தரை வரைக்கும் இன்னும் இறங்கி வரவில்லை.

கையில் இருக்கும் வழி, கடை உரிமையாளர்தான். கடை தனியார் இடம். உள்ளே வர நிபந்தனை போட அவருக்கு உரிமை உண்டு. ‘கேமரா உள்ள கண்ணாடியை உள்ளே அணிய வேண்டாம்’ என்று வாசலிலும், டிரையல் ரூம் கதவிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பவர் கண்ணாடியே அதுதான் என்பவர் வந்தால், அணைத்துவைக்கக் கேளுங்கள். ரே-பான் மெட்டாவில் தண்டின் உட்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. நேரில் கேட்க வேண்டி வந்தால் “சார், கண்ணாடியில கேமரா இருக்குங்களா? ஆஃப் பண்ணிட்டா பேசறதுக்கு வசதியா இருக்கும்” என்றால் போதும். வீடியோ வெளியாகிவிட்டால், முதலில் இணைப்பையும் ஸ்கிரீன்ஷாட்டையும் தேதியோடு சேமித்துவிட்டு, பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அந்தரங்கமானது எனில் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள்.

கேள்வி: தெருவில் போகிறவரை இந்தக் கண்ணாடியால் பார்த்தாலே பெயர், முகவரி எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கண்ணாடி மட்டும் தனியாகச் செய்யாது. ஆனால் செய்ய முடியும் என்று 2024இல் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் இருவர் காட்டினார்கள். ரே-பான் மெட்டாவிலிருந்து வீடியோவை இன்ஸ்டாகிராம் நேரலைக்கு அனுப்பினார்கள். கணினியில் ஓடிய ஒரு நிரல் அதிலிருந்து முகங்களைப் பிரித்து, பிம்ஐஸ் என்னும் முகத்தேடல் தளத்தில் தேடியது. அந்த முகம் எந்தெந்த வலைப்பக்கத்தில் இருக்கிறதோ அங்கிருந்து ஏஐ பெயரைப் பொறுக்கியெடுத்தது. பெயர் கிடைத்ததும், அமெரிக்காவில் பெயரைக் கொண்டு முகவரி தேடித் தரும் தளங்களில் மீதி கிடைத்தது. ஆபத்தைக் காட்டத்தான் செய்தோம் என்று சொல்லி, நிரலை அவர்கள் வெளியிடவில்லை.

இதில் ஒவ்வொரு துண்டும் யாருக்கும் கிடைக்கக்கூடியது. கண்ணாடிக்குப் பதில் போனைப் பிடித்தாலும் இதே வேலை நடக்கும். போனை முகத்துக்கு நேரே நீட்டினால் எதிரிலிருப்பவர் கேட்பார், கண்ணாடியைப் பார்த்துக் கேட்க மாட்டார். கூகுள் இதை முன்பே உணர்ந்து, 2013இல் தன் கூகுள் கிளாஸில் முகம் அடையாளம் காணும் செயலிகளுக்கு அனுமதியில்லை என்றது. ஃபேஸ்புக்கும் 2021 நவம்பரில் தன் முக அடையாள வசதியை மூடியது. இவை நிறுவனங்கள் தாமாக எடுத்த முடிவுகள். நாளை மாற்றிக்கொள்ளவும் அவற்றால் முடியும். அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறோம்.

நீங்கள் செய்யக்கூடியது, சங்கிலியில் ஒரு கண்ணியை அறுப்பது. சமூக வலைத்தளங்களில் முகப்படத்தோடு முழுப்பெயர், ஊர், வேலையிடம் மூன்றையும் பொதுவில் வைக்காதீர்கள். பழைய அலுவலக இணையதளங்கள், சங்க மலர்கள், பள்ளி ஆண்டுவிழாப் பக்கங்களில் இருக்கும் படங்களை நீக்கக் கேளுங்கள். பிம்ஐஸில் விலகல் விண்ணப்பம் உண்டு. ஆனால் விலகுவதற்கே உங்கள் முகப்படத்தைக் கொடுத்தாக வேண்டும்.

கேள்வி: என் தந்தைக்கு சர்க்கரையால் பார்வை பெருமளவு போய்விட்டது. இந்தக் கண்ணாடி வாங்கித் தரலாமா?
– மகள், திருச்சிராப்பள்ளி

பதில்: தரலாம், ஆனால் அதற்குமுன் செலவில்லாமல் ஒரு சோதனை செய்யுங்கள். மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ, கூகுளின் லுக்அவுட் இரண்டும் போனில் இலவசம். தாளைக் காட்டினால் எழுத்தை வாசிக்கும், எதிரில் என்ன இருக்கிறது என்று சொல்லும். ரூபாய் நோட்டு அறிய ரிசர்வ் வங்கியின் மணி செயலி 2020 முதல் உள்ளது. இணையம் இல்லாமலும் ஓடும். சில வாரம் இவற்றைப் பழகிய பிறகும் ‘ஒரு கையில் தடி, ஒரு கையில் போன், பையை எதில் பிடிப்பது?’ என்று அப்பா கேட்டால், அப்போதுதான் கண்ணாடிக்கு நியாயம் வருகிறது. அது தரும் உண்மையான லாபம் கைகள் ஓய்வதே.

ரே-பான் மெட்டாவில் பி மை ஐஸ் என்னும் செயலி வழியாக, பார்வையுள்ள ஒரு தன்னார்வலரை அழைத்து அப்பா பார்க்கும் திசையை அவருக்குக் காட்டலாம். வீட்டிலிருப்பவர்களுக்கு வாட்ஸ்அப் வீடியோ அழைப்பும் கண்ணாடியிலிருந்தே போகும். நீங்கள் அலுவலகத்திலிருந்தபடி “அப்பா, இடதுபக்கம் ரெண்டாவது டப்பா” என்று சொல்ல முடியும். ஏஐ தமிழில் பேசுகிறதா, தமிழ் எழுத்தை வாசிக்கிறதா என்பதைக் கடையிலேயே சோதியுங்கள். ஆங்கிலம் சரளமாக வராத பெரியவருக்கு இதுதான் வாங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும்.

மூன்று இடங்களில் ஏஐ சொல்வதை நம்பவே கூடாது. சாலையைக் கடப்பது முதலாவது. படம் இணையம் வழியே போய் பதில் வருவதற்குள் வண்டி வந்துவிடும். இரண்டாவது, மருந்தின் அளவு. இன்சுலின் குப்பியில் மில்லிக்கு 40 யூனிட் என்பதை 100 என்று தவறாக வாசித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மூன்றாவது, கையெழுத்துப் போடும் பத்திரம். தெரியாததையும் தெரிந்ததுபோல் உறுதியான குரலில் சொல்வது ஏஐயின் குணம். பார்வையில்லாதவரால் அதைச் சரிபார்க்க முடியாது. வெள்ளைத்தடி கையில் இருந்தே தீர வேண்டும்.

ஈரோட்டு வாசகிக்குச் சொன்ன தடை உங்கள் தந்தைக்கும் பொருந்துமா என்றால், பொருந்தக் கூடாது என்பது எங்கள் நிலை. அவருக்கு அது கண். தடைப் பலகை வைக்கும் கடைகளும் மருத்துவமனைகளும் ‘பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு விலக்கு’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

கேள்வி: ஓசூரில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளர். பழுது வந்தால் வெளியூர் நிபுணர் வரும்வரை லைன் நின்றுவிடுகிறது. கண்ணாடி வாங்கி நிபுணரை வீடியோவில் பார்க்கவைக்கலாம் என்று நிர்வாகம் சொல்கிறது. தொழிலாளர்கள் தயங்குகிறார்கள்.
– வாசகர், ஓசூர்

பதில்: இந்தத் தொழில்நுட்பத்துக்குப் பெயர் பிறந்ததே தொழிற்கூடத்தில்தான். போயிங் நிறுவனத்தில் விமான வயர் கட்டுகளை அடுக்கும் வேலைக்காக 1990களின் தொடக்கத்தில் டாம் காடெல், டேவிட் மைசெல் இருவரும் முயன்றபோதுதான் ‘ஆக்மெண்டட் ரியாலிட்டி’ என்ற பெயரே வந்தது. பின்னாளில் நெதர்லாந்தில் கூரியர் நிறுவனமான டிஎச்எல் தன் கிடங்கில் பொருள் எடுக்கும் வேலையில் ஸ்மார்ட் கண்ணாடியைச் சோதித்து, 25 சதவீதம் திறன் கூடியது என்று 2015இல் அறிவித்தது.

உங்கள் தேவைக்கு முப்பரிமாண உருவங்கள் வேண்டாம். ஹெல்மெட்டில் மாட்டி, ஒரு கண்ணுக்குக் கீழே சின்னத் திரை தொங்கும் ரியல்வேர் போன்ற வகை போதும். தொழிலாளி எந்தக் கண்ணால் குறிபார்ப்பவர் என்பதை முதலில் பாருங்கள்: இரண்டு கைகளையும் நீட்டி விரல்களால் ஒரு சிறு முக்கோணம் அமைத்து, தூரத்துப் பொருள் ஒன்றை அதற்குள் வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடும்போது, எந்தக் கண் திறந்திருக்கையில் பொருள் நகராமல் நிற்கிறதோ அதுவே முதன்மைக் கண். திரை அந்தப் பக்கம் வரட்டும். மறுபக்கம் மாட்டினால் அரை மணியில் தலைவலி என்பார்கள். நாற்பது வயதைக் கடந்து பைஃபோகல் போட்டவர்களுக்குத் திரை மங்கலாகத் தெரியலாம். வாங்கும்முன் அவர்களை வைத்தே சோதியுங்கள்.

இயந்திரம் இருக்கும் இடத்திலேயே நின்று பதிவேற்ற வேகத்தை அளக்க வேண்டும். அலுவலக அறையில் நன்றாக வந்த வீடியோ, தகரக் கூரைக்கும் இரும்புத் தூண்களுக்கும் நடுவில் உறைந்துபோவது வாடிக்கை. 2 எம்பிபிஎஸுக்குக் குறைந்தால் நிபுணருக்குப் போல்ட்டின் மரைகூடத் தெரியாது; 5 இருந்தால் நிம்மதி. பேட்டரி எட்டு மணி ஷிஃப்டுக்கு வராது என்று வைத்துக்கொண்டு, கழற்றி மாற்றும் வகையும் உபரி பேட்டரியும் வாங்குங்கள். பெயின்ட் பூத், கரைப்பான் அறை போன்ற தீப்பற்றும் ஆவி உள்ள இடங்களுக்குச் சாதாரண மாடல் போகவே கூடாது. அதற்கென்று சான்று பெற்ற தனி மாடல்கள் உண்டு. பலரும் மாற்றி அணிவதால் நெற்றிப் பட்டையை ஆளுக்கொன்று கொடுங்கள். படிப்படியான வழிகாட்டியைத் திரையில் ஏற்றினால், மூல வரைபடம் மாறிய அன்றே அதையும் மாற்ற ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். தாளில் பழைய படி இருந்தால் அனுபவசாலி சந்தேகப்படுவார். கண் எதிரே மிதக்கும் அம்புக்குறியைச் சந்தேகப்பட அவருக்கே தயக்கம் வந்துவிடும்.

தொழிலாளர்களின் தயக்கம் நியாயமானது. ஒவ்வொரு படிக்கும் எத்தனை விநாடி ஆனது, யார் எங்கே பார்த்தார் என்பதையெல்லாம் இந்தக் கருவி பதிந்துவைக்க முடியும். பழுது பார்க்க வாங்கியது ஆறு மாதத்தில் ஆளை அளக்கும் கருவியாக மாறுவது எளிது. ஆகவே கருவி வருவதற்கு முன்பே தொழிற்சங்கத்தோடு எழுத்தில் உடன்படுங்கள். அழைப்பு நடக்கும்போது மட்டும் கேமரா. பதிவு இயல்பாக அணைந்தே இருக்கும். பதிவு செய்தால் 30 நாளில் அழிக்கப்படும். ஒழுங்கு நடவடிக்கைக்கு அதைச் சான்றாக்கக் கூடாது. கழிப்பறை, உணவறை, ஓய்வு நேரத்தில் கழற்றிவைப்பது விதி. கையெழுத்தான தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

கேள்வி: தேர்வு அறைக் கண்காணிப்பாளராகப் போகிறேன். எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஆசிரியை, கும்பகோணம்

பதில்: 2024 பிப்ரவரியில் ஜப்பானின் வசேடா பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஒரு மாணவர் ஸ்மார்ட் கண்ணாடியால் வினாத்தாளைப் படமெடுத்து, சமூக வலைத்தளத்தில் போட்டு விடை கேட்டார். விடை சொன்னவர்களில் ஒருவருக்குச் சந்தேகம் வந்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவித்த பிறகே விஷயம் வெளிப்பட்டது. அறையில் யாரும் கவனிக்கவில்லை.

அறிகுறிகள்: விரல் தடிமன் தண்டு, மூக்குப் பாலத்தின் உட்புறமோ தண்டிலோ செம்பு நிறச் சார்ஜ் புள்ளிகள், முன் மூலைகளில் வட்டங்கள், தண்டில் ஸ்பீக்கர் துளைகள். நுழைவாயிலில் எல்லோருடைய கண்ணாடியையும் ஒரு நொடி கையில் வாங்கிப் பாருங்கள். சிலரை மட்டும் சோதித்தால் அவமானமாகிவிடும். பெரும்பாலான மாடல்கள் போனுடன் புளூடூத்தில் இணைந்தால்தான் வெளியுலகத்தைத் தொடும், ஆகவே போனை வெளியே நிறுத்துவதே முதல் பாதுகாப்பு. பவர் கண்ணாடி அதுவே என்றால் பறிக்காதீர்கள், மாணவரால் வினாத்தாளையே படிக்க முடியாமல் போகும். சாதாரணக் கண்ணாடி எடுத்துவர வேண்டும் என்று ஹால் டிக்கெட்டிலேயே அச்சிடச் சொல்லுங்கள்.

கேள்வி: பைக்கில் போகும்போது வழிகாட்டும் வரைபடத்தைக் கண்ணாடியில் பார்க்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். கண்ணெதிரே இருப்பதால் சாலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம் என்ற உணர்வு வரும். ஆனால் எழுத்தைப் படிக்கும் நொடியில் கவனம் சாலையில் இல்லை. ஹெல்மெட் தண்டை அழுத்தித் திரையின் இடத்தையும் நகர்த்திவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவு ‘கையில் பிடிக்கும்’ தொடர்புக் கருவியை மட்டும் பெயர்சொல்லிக் குறிப்பிடுவதால் கண்ணாடிக்கு அனுமதி என்று வாதிடுவோர் உண்டு. அபாயகரமாக ஓட்டுதல் என்ற அதே பிரிவு வேறு வழியாகவும் பாயும். வழி கேட்க வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: ரே-பான் மெட்டா வாங்கிவிட்டேன். பவர் லென்ஸ் போடுவது, அமைப்புகளைச் சரிசெய்வது எப்படி?
– வாசகர், சென்னை

பதில்: இதற்கு -6.00 முதல் +4.00 வரையிலான பவருக்கே நிறுவனம் லென்ஸ் தருகிறது. அதற்கு மேல் போனால் லென்ஸின் ஓரம் தடித்து ஃபிரேமில் சரியாக உட்காராது. உள்ளூர்க் கடையில் லென்ஸ் மாற்றுவதானால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஃபிரேமைச் சூடாக்கக் கூடாது. லென்ஸ் பொருத்தவும் தண்டை வளைக்கவும் ஹீட்டரில் காட்டுவது கடைகளின் பழக்கம். இதன் தண்டுக்குள் பேட்டரியும் சர்க்யூட்டும் இருக்கின்றன. ஒரே சூட்டில் கெட்டுவிடும், வாரண்டியும் போய்விடும்.

செயலியில் முதலில் செய்ய வேண்டியது, ‘ஹே மெட்டா’ குரல் விழிப்பை அணைப்பது. 2025 ஏப்ரலில் வந்த தனியுரிமை மாற்றத்துக்குப் பிறகு, குரல் கட்டளைகளின் ஒலிப்பதிவு நிறுவனத்திடம் சேமிக்கப்படுவதைத் தடுக்கும் தேர்வு நீங்கிவிட்டது. சேமித்ததை நீங்களாகப் போய் அழிக்கலாம். வாரம் ஒருமுறை அதைச் செய்யுங்கள். கூடுதல் தரவு பகிர்வதற்கான தேர்வு தனியாக இருக்கும், அதையும் அணையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கோ, துக்க வீட்டுக்கோ, மருத்துவமனைக்கோ போகும்போது உறையில் போட்டுவிட்டு வேறு கண்ணாடி அணிந்து செல்லுங்கள். பிறரைப் படமெடுக்க வேண்டுமென்றால் கண்ணாடியை விட்டுவிட்டு போனை எடுங்கள். எடுக்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும், வேண்டாம் என்று சொல்ல ஓர் இடைவெளியும் கிடைக்கும்.

பின்னாளில் விற்கவோ யாருக்காவது கொடுக்கவோ நேர்ந்தால், உள்ளே 32 ஜிபி சேமிப்பு இருப்பதை மறக்காதீர்கள். படங்களைப் போனுக்கு மாற்றிக்கொண்டு, செயலியில் ஃபேக்டரி ரீசெட் செய்து, கணக்கிலிருந்தும் கருவியை நீக்கிய பிறகே கைமாற்றுங்கள்.